நாமக்கல்லுக்கு நாம் அனுப்பிய பிள்ளைகள்

ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த தோழர்களே! ஐந்து நிமிடம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். வாத்தியாரைப் பேசக் கூப்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் என்றால் எப்படி?

நாம் பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படித்து இந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். நம் பிள்ளைகள்? கை தூக்கச் சொல்லமாட்டேன். என்னாலும் தூக்க முடியாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்துகொண்டே என் மகளை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடவே இல்லை. இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம்தான். மார்க் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

அரசு பணத்தைப் பெற்றோரிடம் கொடுக்கட்டும், பள்ளியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று 1955-லேயே அமெரிக்காவில் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். நம் ஊரில் அவரை யார் படித்தார்கள்? லாரியிலும் கோழிப் பண்ணையிலும் ரிக் வண்டியிலும் வந்த காசு, பஸ் ஸ்டாண்டில் முதல் மார்க் பிள்ளைகளின் போட்டோ, அதுவே போதுமாக இருந்தது. பிறகு சட்டமும் வந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு, கட்டணம் அரசுடையது. நல்ல நோக்கம்தான். ஆனால் என் பள்ளிக்கு வரவேண்டிய குழந்தை அரசுப் பணத்திலேயே என் கண்ணெதிரே வேன் ஏறிப் போனது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வி வந்தது. 2017-இல் ரேங்க் அறிவிப்பு நின்றது. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள்! 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. "கவர்மெண்ட் ஸ்கூல்லயே இருக்கட்டுங்களா சார்?" என்று பெற்றோர் கேட்டது அதற்கப்புறம்தான். எங்கள் பாடம் நடத்தும் திறமையைப் பார்த்து அல்ல, டாக்டர் சீட்டைப் பார்த்து.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பள்ளிச் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனோம். என்னிடம் படித்தவன், தறி ஓட்டுகிறான், தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்து உட்காரச் சொல்லி டீ கொடுத்தான். பொறுமையாக எல்லாம் கேட்டான். கடைசியில், "சார், நம்ம பாப்பாவை நீங்க எந்த ஸ்கூல்லீங்க படிக்க வெச்சீங்க?" என்றான்.

கிண்டல் இல்லை. பெயர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சொன்னேன்.