கரன்ட் இல்லாத நாளில் செல்போன்

(சங்கத்தின் மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து ஜெனரேட்டர் டீசல் விவாதம் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் செல்போனில் மிச்சமிருக்கும் 30 சதவீத சார்ஜ், சேமிப்புக் கணக்கின் கடைசி இருப்பு மாதிரி. வரவு எப்போது என்று தெரியாது. செலவைத்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

பெரிய செலவு எது? திரையின் வெளிச்சம் என்பீர்கள். சரிதான், முதலில் அதைக் குறையுங்கள். ஆனால் கரன்ட் போன நாளில் நமக்குத் தெரியாமல் ஓடுகிற செலவு ஒன்று உண்டு. செல்போன் டவரும் கரன்ட்டில் ஓடுவதுதான். அங்கே பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். அப்போது நம் போன் தூரத்து டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். கிடைத்தாலும் வழக்கத்தைவிட அதிக சக்தி செலவழித்துத்தான் பேசும். சட்டைப்பையில் சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்குவது இதனால்தான்.

இதற்கு மருந்து ஏரோபிளேன் மோட். மணிக்கு ஒருமுறை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் செய்தி பார்த்து, மறுபடி போட்டுவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்த ஏற்பாட்டை முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் போன் போகவில்லையே என்று அவர்கள் பதறுவார்கள்.

பேட்டரி சேவரை (ஐபோனில் லோ பவர் மோட்) 15 சதவீதம் வரும்வரை காத்திருக்காமல் கரன்ட் போனதுமே போடலாம். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். நம் பிளாக் குழுவில் வெள்ள வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு வரி எழுதினால் போதும், தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்! திறந்திருக்கும் செயலிகளை ஓயாமல் தள்ளித் தள்ளி மூடுவதில் பெரிய லாபம் இல்லை. மறுபடி திறக்கும்போது அதுவே கூடுதல் செலவு. வெளிச்சத்துக்குத் தனி டார்ச் வாங்கி வையுங்கள்.

பவர் பேங்க் விஷயத்தில் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். மேலே 10,000 எம்.ஏ.எச். என்று இருக்கும். 5,000 போனை இரண்டு முறை நிரப்பலாம் என்று நினைப்போம். மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு பங்கு வீணாகிறது. ஒன்றேகால் முறை கிடைத்தால் திருப்திப்படலாம். சார்ஜ் உள்ள லேப்டாப் இருந்தால் அதிலிருந்தும் போனுக்கு ஏற்றலாம். காரிலும் ஏற்றலாம். ஆனால் பேஸ்மென்ட்டில் என்ஜினை ஓடவிட்டு யாரும் உட்காராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

கடைசியாக, நம் கட்டடத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். இரவில் நெஞ்சு வலி என்றால் 108-க்குக் கூப்பிட ஒரு போனாவது உயிரோடு இருக்க வேண்டும். அதனால் ஒரு தளத்துக்கு ஒரு போன் மட்டும் முறைவைத்து ஆனில் இருக்கட்டும், மற்றவை ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்பதையும், முக்கியமான எண்களையும் பேப்பரில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடலாம். முதல் இரவு முறைக்கு மூன்றாம் தளத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற தளங்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் இப்போதே செயலாளரிடம் சொல்லலாம்.