இரவல் மோட்டாரும் இன்சூரன்சும்



தோட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது மட்டும் வேலை அல்ல. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டால் பெற்றோர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுவார்கள். "சார், இதில் என்ன எழுதியிருக்கிறது? கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்பார்கள். பாகான் டத்தோ வட்டாரத்தில் பணியாற்றும் நான், சம்மன் கடிதங்கள், சொக்சோ பாரங்கள், மருத்துவமனைச் சீட்டுகள் என்று எத்தனையோ படித்துச் சொல்லியிருக்கிறேன். அப்படி வந்த ஒரு கடிதம் என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கடிதம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாணவன் ஒருவனின் தகப்பனார் ஒரு நாள் மாலை என்னைப் பார்க்க வந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. "சார், என் லைசென்சை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். எனக்கென்று சொந்தமாக மோட்டார் கிடையாது. மச்சானுடைய மோட்டாரில்தான் போய் வருகிறேன். அமெரிக்காவில் வண்டி இல்லாதவனும் தன் பேரில் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாமாம். அதைக் காட்டினால் லைசென்ஸ் கொடுத்துவிடுவார்களாம். நம் ஊரிலும் அப்படி ஒன்று எடுத்துக்கொண்டால் நான் ஓட்டலாமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். எனக்கு விடை தெரியவில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். தேர்வு நேரம், வேலை மிகுதியில் மறந்துவிட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அன்று நான் சொல்லத் தவறிய விடையை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவைப் பற்றி அவர் கேள்விப்பட்டது உண்மையே. அங்கே பல மாநிலங்களில், குடித்துவிட்டு ஓட்டியதற்காகவோ காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்காகவோ உரிமம் நிறுத்தப்பட்டவர், அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் தமக்குக் காப்புறுதி இருப்பதாக அரசாங்கத்துக்குச் சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றுக்கு எஸ்.ஆர்.22 என்று பெயர். சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கென்றே ஒரு வகைக் காப்புறுதியும் அங்கே விற்கப்படுகிறது. அது வாகனத்துக்கு அல்ல, ஆளுக்கு எடுக்கும் காப்புறுதி. ஆனால் அங்கேயும் உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை ஓட்டக் கூடாது. காப்புறுதிச் சீட்டு லைசென்ஸ் ஆகிவிடாது.

நம் மலேசியாவில் அந்த முறை இல்லை. இங்கே காப்புறுதி வாகனத்தைப் பற்றி நிற்கிறது. பதிவு எண் உள்ள ஒரு மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோதான் அதை எடுக்கிறோம். அந்தக் காப்புறுதி இருந்தால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். வாகனம் இல்லாதவர் தம் பேரில் தனியாக ஒரு காப்புறுதி எடுத்து, நிறுத்தப்பட்ட லைசென்சை மீட்கவும் முடியாது. அதைக் காட்டி மற்றவர் வண்டியை ஓட்டவும் முடியாது. யாராவது ஒருவர் "பணத்தைக் கொடு, உன் பேரில் ஒரு கவர் நோட் போட்டுத் தருகிறேன், பயமில்லாமல் ஓட்டு" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கட்டாயக் காப்புறுதி எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். மோட்டார் வாகனங்கள் பெருகியபோது, மோதியவனிடம் பணம் இல்லாததால் அடிபட்டவன் நடுத்தெருவில் நிற்க நேர்ந்தது. அதைத் தடுக்கப் பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் அதே கட்டாயம் இருக்கிறது. இப்போதைய சட்டத்தின் 90-ஆம் பிரிவு அது.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? காப்புறுதி நிறுவனம் ஒரு தரப்பு. காப்புறுதி எடுத்தவர் இரண்டாம் தரப்பு. சாலையில் நடந்துபோகும் பாட்டி, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை, இவர்கள் மூன்றாம் தரப்பு. அவர்களுக்கு மரணமோ காயமோ ஏற்பட்டால் இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் நம்மைக் காப்புறுதி எடுக்கச் சொல்கிறது. அடிபட்டவரைக் காப்பது அதன் முதல் வேலை. ஓட்டியவரைக் காக்குமா என்பது, அவர் சட்டப்படி நடந்தாரா என்பதைப் பொறுத்தது.

உங்கள் வீட்டில் உள்ள காப்புறுதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். யார் யார் ஓட்டலாம் என்று அதில் ஒரு பகுதி இருக்கும். காப்புறுதி எடுத்தவர் ஓட்டலாம். அவருடைய அனுமதியோடு வேறொருவரும் ஓட்டலாம் என்று வழக்கமாக எழுதியிருப்பார்கள். இதைக் கேட்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அதன் கீழே ஒரு நிபந்தனையும் உண்டு. ஓட்டுபவர் சட்டப்படி ஓட்ட உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். அல்லது முன்பு அந்த உரிமையைப் பெற்று, நீதிமன்ற ஆணையாலோ சட்ட விதியாலோ தடை செய்யப்படாதவராக இருக்க வேண்டும். லைசென்சைப் புதுப்பிக்க மறந்தவர் வேறு, ஓட்டக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டவர் வேறு என்பதைக் கவனியுங்கள். புதுப்பிக்காமல் ஓட்டுவதும் குற்றந்தான். ஆனால் தடை உள்ளவர் ஓட்டினால் காப்புறுதியின் நிழலே அவர்மேல் விழாது.

சரி, அப்படிப்பட்டவர் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்திவிட்டால்? காயமுற்றவர் என்ன பாவம் செய்தார்? ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, அடிபட்டவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் மறுக்க முடியாதபடி சட்டம் வழி செய்திருக்கிறது. நிறுவனம் முதலில் கொடுக்க வேண்டும். ஆனால் கொடுத்த பணத்தைக் காப்புறுதி எடுத்தவரிடமிருந்து அது திரும்ப வசூலிக்கலாம். இந்தியாவிலும் நீதிமன்றங்கள் இதே வழியில்தான் செல்கின்றன. 2004-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சுவரண் சிங் வழக்கில் இதை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பளித்தது. முதலில் கொடு, பிறகு வாங்கிக்கொள் என்பதே இதன் சாரம்.

நேயர்களே, இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

என்னிடம் கேள்வி கேட்டுப்போன தகப்பனார் மச்சானுடைய மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் அந்தி மயங்கும் நேரத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் மருந்து வாங்கப் போனவர், சாலையைக் கடந்த ஒரு முதியவரை மோதிவிட்டார். முதியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வழக்கு நடந்தது. இழப்பீடும் கிடைத்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று இரு வீட்டாரும் நினைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, மோட்டாருக்குச் சொந்தக்காரரான மச்சான் ஒரு நீண்ட உறையோடு பள்ளிக்கு வந்தார். காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதம். முதியவருக்குக் கொடுத்த தொகையைத் திருப்பிச் செலுத்தும்படி கேட்டிருந்தார்கள். அந்தத் தொகை அவருடைய இரண்டு ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். நான் படித்துச் சொன்னதும், "சார், நான் ஓட்டவே இல்லையே? சாவியைத்தானே கொடுத்தேன்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

சாவியைக் கொடுத்ததுதான் அவர் செய்த தவறு. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவதும் சட்டப்படி குற்றம். அது அவருக்குத் தெரியாது. மாதத் தவணையில் கட்டிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் இரண்டு வீடுகளுக்கும் இடையே பேச்சு நின்றுபோயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் என் வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்து படித்தவர்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நான் அடிக்கடி கேட்கிறேன். "நான் பெரிய சாலைக்குப் போகமாட்டேன் சார், தோட்டத்துக்குள்ளேதான் ஓட்டுகிறேன்" என்பார்கள். தோட்டத்துச் சாலையாக இருந்தாலும், பொதுமக்கள் போய் வரும் சாலையாக இருந்தால் சட்டம் அங்கேயும் பொருந்தும். கோயிலுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் மக்கள் நடக்கும் சாலை அது. வேறு சிலர், "எனக்குத்தான் சொக்சோ இருக்கிறதே" என்பார்கள். சொக்சோ 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளிக்கு அமைந்த பாதுகாப்பு. நீங்கள் மோதிய வேறொருவருக்கு அது இழப்பீடு தராது.

அப்படியானால் லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, தடை எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி சேர்ந்து, கெஜாரா முறையில் சாலைப் போக்குவரத்து இலாகா நிறுத்தியதா, அல்லது நீதிமன்றம் தடை விதித்ததா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடைமுறை வேறு. உதாரணமாக, 2020-இல் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி, குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் முதன்முறை நிரூபிக்கப்பட்டாலே இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத தடை உண்டு. தடை முடிந்தபின் மறுபடி தேர்வு எழுத வேண்டுமா என்பதையும் ஜே.பி.ஜே. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பிக் கடையில் கேட்காதீர்கள்.

இரண்டாவதாக, அந்த நாள் வரும்வரை ஓட்டாதீர்கள். ஆறு மாதம் என்பது நீண்ட காலந்தான். பஸ் எப்போதாவதுதான் வரும் இடத்தில் இருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். வேலைக்குப் போகும் நண்பரின் பின்னால் ஏறிச் செல்லுங்கள். லைசென்ஸ் உள்ள மனைவியோ மகளோ ஓட்டட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவதாக, லைசென்ஸ் திரும்பக் கிடைத்தபின் இரவல் மோட்டார் எடுக்க நேர்ந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொந்தக்காரர் அனுமதி கொடுத்தாரா? காப்புறுதியும் சாலை வரியும் இன்று நடப்பில் உள்ளனவா? என் லைசென்ஸ் இந்த வகை வண்டிக்கு உரியதா? பி2 லைசென்ஸ் 250 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. முன்பெல்லாம் வண்டியில் ஒட்டிய சாலை வரிச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2023 பிப்ரவரி முதல் சொந்த வாகனங்களில் அந்தச் சீட்டை ஒட்டுவது கட்டாயமில்லை. ஆகவே மைஜே.பி.ஜே. செயலியில் பார்த்து உறுதி செய்துகொள்ளும்படி சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

நான்காவதாக, பிறகு சொந்த வண்டி வாங்கிக் காப்புறுதி எடுக்கும்போது, முன்பு லைசென்ஸ் நிறுத்தப்பட்டதா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்துப் பெற்ற காப்புறுதி, தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காமல் போகலாம். 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து வாங்குங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், யார் பக்கம் தவறு இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். அத்தகைய வண்டிகளால் காயமுற்றவர்களுக்கு உதவ, 1968-இல் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட மோட்டார் காப்புறுதியாளர் கழகம் ஒன்று இருக்கிறது. வழக்கறிஞரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

தாய்மார்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. மோட்டார் சாவி பெரும்பாலும் வீட்டுச் சுவரில் ஆணியில்தான் தொங்குகிறது. அண்ணன் கேட்டார், தம்பி கேட்டார், கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்று நீங்கள் தயங்கலாம். லைசென்ஸ் தடையில் இருக்கிறது என்று தெரிந்தால், "நீங்கள் போக வேண்டாம் அண்ணே, பையனை அனுப்பி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பையனுக்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். ஒரு நாள் கோபம் மறுநாள் ஆறிவிடும். என் வகுப்புப் பிள்ளைகளின் இரண்டு வீடுகளுக்கிடையே நின்றுபோன பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

அந்தத் தகப்பனார் கேட்ட அன்றைக்கே நான் விசாரித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை இது நடந்திருக்காது. ஆகவே, உங்களுக்கு ஐயம் வந்தால் ஒரு முறை கேட்டு விடை வராவிட்டால் மறுபடி கேளுங்கள். ஆசிரியர் மறந்துவிட்டால் நினைவூட்டுங்கள். நாங்கள் தவறாக எண்ணமாட்டோம்.