பீப்பாயின் அளவும் பெருவளைவும்



லண்டன் மாநகரத்தில், யூஸ்டன் சாலையில் நின்று செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தை நிமிர்ந்து நோக்குகிறவர் எவராயினும், ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வகுத்து 1873-இல் திறக்கப்பெற்ற மிட்லாண்ட் கிராண்ட் ஹோட்டலின் செங்கற் கோபுரங்களிலும் கூர்நுனிச் சாளரங்களிலும் மனத்தைப் பறிகொடுத்து, அதுவே நிலையம் என்று எண்ணிவிடுவது இயல்பு. அம்முகப்பின் சௌந்தர்யத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆயினும் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அதன் பின்னே வண்டிகள் நிற்கும் கூடத்துக்கும், அக்கூடத்தின் அடியிலுள்ள கீழ்த்தளத்துக்குமே ஆகும்.

இந்நிலையத்தைக் கட்டிய மிட்லாண்ட் கம்பெனியின் இருப்புப்பாதை வடக்கேயிருந்து வரும் வழியில் ரீஜண்ட் கால்வாய் குறுக்கிட்டது. அண்டையிலுள்ள கிங்ஸ் கிராஸ் நிலையத்துப் பாதை கால்வாயின் அடியில் புகுந்து வர, எஞ்சினியர் வில்லியம் ஹென்றி பார்லோ தம் பாதையை அதன் மேலே கொண்டுவந்தார். அதனால் பிளாட்பாரம் தெருவுக்கு மேல் ஒரு மாடி உயரத்தில் நின்றது. அடியில் உண்டான இடத்தை மண்ணிட்டு நிரப்பிவிடலாம் என்பதே முதல் யோசனை. பின்னர், பர்ட்டன் நகரத்திலிருந்து வந்து குவியும் பீர்ப் பீப்பாய்களுக்கு அதைக் கிடங்காக்குவதென்று முடிவாயிற்று. சிலை வடிக்கும் ஸ்தபதிக்குத் தாலம் என்னும் அளவு எப்படியோ, அப்படியே பார்லோவுக்குப் பீப்பாய் பிரமாணமாயிற்று. சுவர்கள் இடத்தை அடைத்துக்கொள்ளுமென்று வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தி, பீப்பாய்கள் வீணின்றி அடங்கும்படி அவற்றின் இடைவெளியை 14 அடி 8 அங்குலமாக வகுத்தார். மேற்கூரையின் இரும்பு விலாக்களோ அதற்குச் சரி இரட்டிப்பாக, 29 அடி 4 அங்குலத்துக்கு ஒன்றாக எழுந்தன.

கூரையைத் தாங்கும் பெருந்தூண்களைக் கூடத்தின் நடுவே ஊன்றினால் கீழ்த்தளத்தின் ஒழுங்கு குலைந்துபோகும். ஆகவே நடுவில் தூணே வேண்டாமென்று, 240 அடி அகலத்தை ஒரே வளைவால் கவித்தார். அந்நாளில் அவ்வளவு அகலத்தை ஒரே தாவலில் கடந்த கூரை உலகில் வேறில்லை. வளைவு என்பது தன் பாரத்தால் கால்களை அகற்றிக்கொள்ள முயலும் தன்மையது. அதனைத் தடுக்கும் இழுகம்பிகள் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்க வேண்டும். அவை இங்கே இல்லை. பிளாட்பாரத்தைச் சுமக்கும் உத்திரங்களே, தரையினடியில் மறைந்திருந்து, வளைவின் இரு பாதங்களையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. வில் மேலே தெரிகிறது. நாணின் மீது நாம் நடக்கிறோம்!

அவ்வில்லின் உச்சி சற்றே கூர்ந்திருப்பது முகப்பின் கோதிக் பாணிக்கு இணங்கச் செய்ததன்று. பக்கக் காற்றின் மோதலைத் தாங்குவதற்காகப் பார்லோ செய்த ஏற்பாடு. இவ்வாறு அவசியமும் அழகும் ஒன்றாகவே பிறந்த கட்டடத்தை 1960-களில் இடித்துவிட எண்ணினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் வாதாடியதன் பயனாக 1967-இல் அதற்கு முதல்தரப் பாதுகாப்புக் கிடைத்தது.

2007 முதல் பாரிஸ் செல்லும் வண்டிகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. பிரயாணிகள் தங்கள் பெட்டிகளோடு காத்திருப்பது, பீப்பாய்கள் அடுக்கியிருந்த அதே கீழ்த்தளத்தில். ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு இன்றும் அதே 14 அடி 8 அங்குலம்.