காற்றடித்த இரவுகளில் அலறிய மணி

(குறுவள மைய அளவிலான ஆசிரியர் கலந்தாலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கநிலை ஆசிரியர்களும் பட்டதாரி ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் கூட்டம் இது. மாணவர்களின் பிழைகளைக் கண்டறிவது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வீடு திருவரங்குளத்தில் இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் மகளும்தான். பாதுகாப்புக்காகத் திருட்டு எச்சரிக்கை மணி ஒன்று பொருத்தியிருக்கிறோம். முன்கதவு, மாடிக்கதவு, கொல்லைக் கதவு மூன்றிலும் சென்சார். ஒவ்வொன்றிலிருந்தும் கம்பி வந்து கூடத்தில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேரும்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், நள்ளிரவில் மணி அலறத் தொடங்கியது. பெட்டியில் மூன்றாம் எண் விளக்கு எரிந்தது. மூன்று என்றால் கொல்லைக் கதவு. போய்ப் பார்த்தால் கதவு பூட்டியபடியே இருக்கும். ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படி நடந்தது. பொருத்திக் கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, “சென்சார் போயிடுச்சு மேடம்” என்று புதிதாக ஒன்றை மாட்டினார். நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் மறுபடியும் மணி. மீண்டும் வந்தார், இன்னொரு சென்சார் மாட்டினார். பணம் போனது, மணி நிற்கவில்லை.

“சென்சார்ல ஒண்ணுமில்ல. அந்தப் பயதான் கதவை ஆட்டிப் பாக்குறான்” என்றார் மாமியார். அவர் சொன்னது அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பையனை. என் பத்தாம் வகுப்பு மாணவன். ஒருநாள் சாயங்காலம் பந்தெடுக்க எங்கள் கொல்லைக்குள் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். எனக்கும் இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும், எல்லோர் முன்னிலையிலும் அவனை எழுப்பி, “நேத்து ராத்திரி எங்க வீட்டுக் கொல்லப்பக்கம் வந்தியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவோடு வந்தான். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “அவன் ராத்திரி எங்கூடத்தான் படுத்திருந்தான் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அவன் மெதுவாகச் சொன்னான்: “டீச்சர், காத்து அடிக்கிற ராத்திரிதான் அது கத்துது. எங்க வீட்டுக்கே கேக்கும். நான் எண்ணிப் பாத்தேன்.”

நான் பதினேழு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். உற்றுநோக்கு, குறித்து வை, பிறகு முடிவுக்கு வா என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். அதைச் செய்தவன் அவன். செய்யாதவள் நான்.

தேடத் தொடங்கினோம்

அன்றே ஒரு நோட்டு போட்டேன். மணி அடித்த நேரம், காற்று, மழை, கதவின் நிலை என நான்கு கட்டங்கள். பத்து இரவுகளில் நான்கு முறை மணி அடித்தது. நான்கும் தைலமரக் காட்டுப் பக்கமிருந்து காற்று பலமாக வீசிய இரவுகள். காற்றில்லாத இரவில் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவன் எண்ணியது சரி.

கதவில் இருக்கும் சென்சார் மிக எளிய பொருள். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். இதை ரீட் சுவிட்ச் என்பார்கள். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எல்வுட் என்பவர் உருவாக்கியது. நிலையில் சுவிட்ச், கதவில் காந்தம். கதவு மூடியிருந்தால் காந்தம் அருகில் இருக்கும். தகடுகள் ஒட்டிக்கொண்டு சுற்று மூடியிருக்கும். கதவு திறந்தால் தகடுகள் விலகிச் சுற்று அறுபடும், மணி அடிக்கும்.

சென்சாருடன் தொடரிணைப்பில் ஒரு மின்தடையாக்கியும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது 5600 ஓம். பச்சை, நீலம், சிவப்பு வளையங்கள். இது எதற்கு? கதவு மூடியிருக்கும்போது பெட்டி 5600 ஓம் மின்தடையை எதிர்பார்க்கிறது. கதவு திறந்தாலோ கம்பி அறுந்தாலோ மின்தடை முடிவிலி. யாராவது கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெட்டியை ஏமாற்ற நினைத்தால் மின்தடை ஏறத்தாழ சுழி. சில பைசா மதிப்புள்ள ஒரு பொருள் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது.

ஒரு சனிக்கிழமை பள்ளி ஆய்வகத்தின் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். அந்த மாணவனையும் அழைத்தேன். அவன் அம்மாவும் கூட வந்தார். முதல் வேலையாக 230 வோல்ட் இணைப்பைத் துண்டித்து, பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் மின்கலத்தின் கம்பியையும் கழற்றினேன். இதை நான்தான் செய்தேன். மாணவரைச் செய்யவிடக் கூடாது. மின்தடையை அளக்கும்போது சுற்றில் மின்னோட்டம் இருக்கவே கூடாது.

பழுது மூன்று இடங்களில் இருக்கலாம்: பெட்டி, கம்பி, சென்சார். மூன்றையும் ஒரேயடியாகச் சந்தேகித்தால் விடை கிடைக்காது. ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

முதலில் பெட்டி. கொல்லைக் கதவின் கம்பிகளை முதலாம் எண்ணிலும், முன்கதவின் கம்பிகளை மூன்றாம் எண்ணிலும் மாற்றிப் பொருத்தி, மின் இணைப்பை மீண்டும் கொடுத்தோம். பழுது பெட்டியில் என்றால் மூன்றாம் விளக்கே எரிய வேண்டும். அடுத்த காற்று இரவில் முதலாம் விளக்கு எரிந்தது. பழுது கம்பியோடு நகர்ந்துவிட்டது. பெட்டிமேல் குற்றமில்லை.

அடுத்த சனிக்கிழமை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கொல்லைக் கதவின் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி அளந்தோம். கதவு மூடியிருக்கும்போது 5600 ஓம், திறந்தால் முடிவிலி. எல்லாம் சரியாகவே இருந்தது! பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் நோட்டு வேறு கதை சொன்னதே? அந்தப் பகலில் காற்றில்லை. காற்று செய்யும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கம்பியை அடி அடியாக அசைத்துக்கொண்டே போனேன். கூடம், சமையலறை, எதுவும் மாறவில்லை. கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே வந்தபோது, “டீச்சர்! பன்னெண்டாயிரம்… நாப்பதாயிரம்… போயிடுச்சு!” என்று கத்தினான்.

உடனே முடிவுக்கு வரவில்லை. சென்சாரை அறவே கழற்றிவிட்டு, அந்த முனையில் மின்தடையாக்கியை மட்டும் கம்பிகளில் நேரடியாக இணைத்து மீண்டும் அசைத்தோம். அப்போதும் அதே துள்ளல். அப்படியானால் சென்சாரும் குற்றமற்றது. நாங்கள் தூக்கி எறிந்த இரண்டு சென்சார்களும் நல்லவையாகவே இருந்திருக்க வேண்டும்.

கொட்டகைத் தகரத்தை ஒட்டி, கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப். பிரித்துப் பார்த்தோம். கம்பி போதாமல் இரண்டு துண்டுகளை வெறுமனே முறுக்கி ஒட்டு போட்டிருந்தார்கள். ஈரம் பட்டுத் தாமிரம் பச்சை பூத்திருந்தது. காற்றில் தகரம் அதிரும்போதெல்லாம் ஒட்டும் அதிர்ந்து விட்டுவிட்டு இணைந்திருக்கிறது. பழுதான பகுதியை நறுக்கி, சுரண்டி, ஈயப்பற்று வைத்து, மேலுறை போட்டு, கம்பியைத் தகரத்தில் படாமல் சுவரோடு ஆணியடித்து நிறுத்தினோம். அதன் பிறகு ஐப்பசி மழையும் கடந்துவிட்டது. மணி காரணமில்லாமல் அடித்ததில்லை.

திங்கட்கிழமை அதே வகுப்பில், அவனை எழுப்பிக் கேட்ட அதே இடத்தில் நின்று, “நான் உன்மேல் சந்தேகப்பட்டது தவறு. பழுதைக் கண்டுபிடிக்க வழி காட்டியது நீதான்” என்று சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோர் முன்னிலையில் கேட்டதை எல்லோர் முன்னிலையில்தான் திருத்த முடியும்.

வகுப்பறைக்குள்

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை அந்த ஆண்டு இந்தக் கம்பியை வைத்தே நடத்தினேன். பெட்டியிலிருந்து கொல்லைக் கதவு 20 மீட்டர். போக வர 40 மீட்டர் தாமிரக் கம்பி, குறுக்குப் பரப்பு 0.5 சதுர மில்லிமீட்டர். மின்தடை எண்ணைக் கொண்டு மாணவர்கள் கணக்கிட்டார்கள்: ஏறத்தாழ 1.4 ஓம். 5600 ஓமுக்கு முன் இது ஒன்றுமேயில்லை. மீட்டர் நாற்பதாயிரம் காட்டினால் அது கம்பியின் நீளத்தால் அல்ல, ஒட்டில்தான் கோளாறு என்பதைச் சூத்திரமே சொல்லிவிடுகிறது.

இன்னொரு கேள்வியும் கொடுத்தேன். 1853இல் அமெரிக்காவில் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் கதவு திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். நம் மணியோ சுற்று அறுந்தால் அடிக்கிறது. திருடன் கம்பியை நறுக்கினால் எது காப்பாற்றும்? அரை மணி நேரம் விவாதம் நடந்தது. விடையை நான் சொல்லவேயில்லை.

நீங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரீட் சுவிட்ச், சிறு காந்தம், 9 வோல்ட் மின்கலம், எல்.இ.டி., 470 ஓம் மின்தடையாக்கி ஆகியவற்றைத் தொடரிணைப்பில் அட்டைப்பெட்டியில் அமையுங்கள். காந்தம் அருகில் இருந்தால் விளக்கு எரியும், விலகினால் அணையும். இப்படி நான்கு பெட்டிகள் செய்து, ஒன்றில் அறுந்த கம்பி, ஒன்றில் தீர்ந்த மின்கலம், ஒன்றில் திருப்பிப் பொருத்திய எல்.இ.டி., ஒன்றில் தளர்ந்த ஒட்டு என மறைத்துவையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எதையும் மாற்றுவதற்கு முன், ஏன் அதைச் சந்தேகிக்கிறோம் என்று குழு எழுதிக்காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 4 ஓம் மின்தடையாக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடை என்ன என்று கேட்டேன். ஒரு மாணவி 4 ஓம் என்று எழுதியிருந்தாள். முன்பென்றால் ‘பக்க இணைப்பு புரியவில்லை’ என்று முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தியிருப்பேன். இப்போது ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். சூத்திரம் சரி. எண்களை இட்டதும் சரி. கால் கூட்டல் கால் என்ற இடத்தில், மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி எட்டில் இரண்டு என்று எழுதியிருந்தாள். இயற்பியலில் பழுதில்லை. தொடக்க வகுப்புகளில் போட்ட பின்னக் கூட்டல் என்ற ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. காகிதத்தை நான்காக மடித்துக் காட்டினேன். பத்து நிமிடத்தில் 2 ஓம் என்ற விடை வந்தது.

அந்த ஒட்டு அங்கே விட்டுப்போனதற்கு யார் பொறுப்பு என்று நான் கேட்க வரவில்லை. தொடக்கநிலையில் இருப்பவர்களும் உயர்நிலையில் இருப்பவர்களும் ஒரே கம்பியின் இரு முனைகளில் நிற்கிறோம். ஒருவர் அசைக்க, ஒருவர் மீட்டரைப் பார்த்தால்தான் பழுது தெரியும். நம் இரு தரப்பும் மாதம் ஒருமுறை மாணவர்களின் விடைத்தாள்களோடு இதேபோல் உட்காரலாமே என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.