கிராம் கணக்கில் கேளுங்கள்



திருகோணமலையில் சீனன்குடாப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த எண்ணெய்த் தாங்கிகளைத் தெரியும். வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட பிறகும் இன்று 99 தாங்கிகள் நிற்கின்றன. யாருக்கு எத்தனை தாங்கி என்று 2022 ஜனவரியில் உடன்படிக்கை எழுதினார்கள். அதே வருடம் நாங்கள் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாகக் கிடந்தோம். கியூஆர் அட்டையைக் காட்டி, அளந்து தந்த லீற்றரை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த மாதங்களில் நாட்டின் வாகனப் புகை குறைந்தது உண்மைதான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குறைந்த புகையை நான் சாதனை என்று சொல்லமாட்டேன்.

2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. எங்கள் நாட்டில் ஒரு கார் வந்தால் இருபது வருடம் ஓடும். கைமாறிக் கைமாறி ஓடும். இன்றைக்குத் துறைமுகத்தில் இறங்கும் கார்தான் 2045இல் எங்கள் பேரப்பிள்ளைகளின் தெருவில் ஓடப்போகிறது. அதனால்தான் இப்போது பேச வந்தேன்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். லீற்றரே ஒரு கிலோ இல்லையே, 2.3 எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேர்கிறது, பிள்ளைகளே. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார், கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 150 கிராம் கக்குகிறது. இதை வடிகட்டிப் பிடிக்கக் காரில் கருவி கிடையாது. எரிபொருள் குறைந்தால்தான் இது குறையும்.

வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். வண்டியை ஓடவிட்டு, புகைக்குழாயில் கருவியின் முனையைச் செருகி, கணினியைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். பெற்றோல் கார் தேறுவதும் தவறுவதும் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் அளவைப் பொறுத்தது. நச்சைப் பிடிக்க அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நன்றாக எரிக்கும் எஞ்சின், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எவ்வளவு பெற்றோல் குடித்தாலும், அங்கே தேறிவிடும்.

கார் கக்கும் காபனீரொட்சைட்டைக் குறைக்க ஐரோப்பாவில் என்ன நடந்தது? 1998இல் கார்க் கம்பனிகள், 2008க்குள் புதுக் கார்களின் சராசரியைக் கிலோமீற்றருக்கு 140 கிராமுக்கு இறக்குகிறோம் என்று வாக்குக் கொடுத்தன. நிறைவேறவில்லை. 2009இல் சட்டம் வந்தது: 2015இல் 130 கிராம். அந்த இலக்கை இரண்டு வருடம் முன்னதாகவே எட்டினார்கள்! பிறகு என்ன? 2016க்கும் 2019க்கும் இடையில் சராசரி திரும்பவும் ஏறியது. உயரமான, பாரமான கார்களை மக்கள் விரும்பினார்கள். அடுத்த கட்டாயம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. 95 கிராம் எல்லை 2020இல் நடைமுறைக்கு வந்தது. மீறும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும், 95 யூரோ தண்டம். அந்த ஒரே வருடத்தில் சராசரி சடாரென்று விழுந்தது. மின்சாரக் கார்கள் கடைக்கு வந்தன. பக்கத்து இந்தியாவும் 130இலிருந்து 113 கிராமுக்கு இறங்கிவிட்டது.

எங்களிடம் பெரிய கார்த் தொழிற்சாலைகள் இல்லை; எங்களிடம் இருப்பது சுங்க வாசல். ஐரோப்பா தொழிற்சாலையில் செய்ததை நாங்கள் அந்த வாசலில் செய்யலாம். ஆனால் அங்கே எதைப் பார்த்து வரி போடுகிறோம்? எஞ்சினின் சீசீயை, எரிபொருள் வகையை, வண்டியின் வயதை. மின்சாரக் காருக்கு மோட்டரின் கிலோவாற்றை. 2019இல் காபன் வரி என்றே ஒன்று வந்தது. அதற்கும் சீசீயும் எரிபொருள் வகையும் வயதும்தான் அளவுகோல், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். 1500 சீசீ ஹைபிரிட் ஒன்று, சாதாரண 1000 சீசீ காரைவிடக் குறைவாகப் புகைக்க முடியும். சீசீக்கு அது தெரியாது. கிலோமீற்றருக்கு எத்தனை கிராம் என்று பார்த்து வரி போடுங்கள். அந்த எண்ணைக் கண்ணாடியில் ஒட்டி விற்கச் சொல்லுங்கள். பிரித்தானியா 2001இலிருந்து புதுக் கார்களுக்குக் கிராமைப் பார்த்தே வீதி வரி போடத் தொடங்கியது.

மின்சாரக் கார் வாங்கினால் போதுமா என்று கேட்கிறீர்கள். ஒரு யூனிட்டில் அது ஆறேழு கிலோமீற்றர் ஓடும். அந்த யூனிட் நிலக்கரியில் பிறந்தால், அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு இருக்கிறது. கணக்குப் பாருங்கள், அதே 150 கிராம்! புகை தெருவில் வராது, நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் வரும்.

அதனால்தான் சம்பூர் எனக்குப் பெரிது. 2006இல் இடம்பெயர்ந்து, ஏறக்குறையப் பத்து வருடம் அலைந்து திரும்பிய மக்களின் மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் எழும்ப இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. அதே மாதம், புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியக் கலங்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. எடுக்க ஆளில்லாத மின்சாரம்! அந்த நேரத்தில் கார்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க வேண்டாமா?

ஆகவே எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இரண்டு காரியம் கேட்போம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கார் வரி கிராம் கணக்குக்கு மாறட்டும். ஆஸ்பத்திரி, கச்சேரி, ரயில் நிலையம், துறைமுகம் என்று பகல் முழுக்க வண்டிகள் நிற்கும் இடங்களில், பகல் நேரக் குறைந்த கட்டணத்தில் சார்ஜ் ஏற்ற வசதி வரட்டும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்திருக்கும் சங்கத்தாரே, எழுந்து போவதற்கு முன் இவற்றைக் கேட்கும் இந்த மனுவில் கையெழுத்திட்டுத் தாருங்கள்.