ஆற்றங்கரைச் செடிகளும் நம் வீடுகளும்



தோட்டத்தில் வாழும் நமக்கு ஆறும் ஓடையும் புதியவை அல்ல. பல தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தாலே ஓர் ஓடை வந்துவிடும். அதன் கரையில் புல்லும் புதரும் மண்டிக் கிடக்கும். அவற்றை வெட்டி எறிய வேண்டுமா, அல்லது அப்படியே விட்டுவிட வேண்டுமா? இன்று இதைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

எங்கள் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். தீபாவளி நெருங்கிய சமயம். லயத்தைச் சுற்றிலும் துப்புரவு வேலை நடந்தது. "புதர் இருந்தால் பாம்பு வரும்" என்று ஓடைக்கரையையும் விட்டுவைக்கவில்லை. பாராங் கத்தியால் வெட்டினோம். வெட்டுக்குத் தப்பியதற்குக் களை மருந்து அடித்தோம். ஆசிரியர்களாகிய நாங்களே மாணவர்களை அழைத்துக்கொண்டு போய் வெட்டியதை வாரிக் கொட்டினோம். கரை பளிச்சென்று ஆயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

டிசம்பரில் அடைமழை பிடித்தது. ஒரே இரவில் கரைமண் பாளம் பாளமாகச் சரிந்தது. ஒரு பாட்டி பத்து வருஷமாக வளர்த்த வாழைகள் வேலியோடு போயின. பிள்ளைகள் பள்ளிக்கு வரும் ஒற்றையடிப் பாதையிலும் பாதி போயிற்று. நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. "ஏன் வாத்தியாரே, நாம சுத்தம்தானே பண்ணினோம்?" என்று பாட்டி கேட்டார். அன்று எங்களிடம் பதில் இல்லை.

அந்தப் பதில் பின்னர் சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் கிடைத்தது. உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள ஆற்றங்கரையைப் பார்த்தோம். ஆங் மோ கியோவும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடந்தான். 1973-ல் அங்கே புதுநகர் வேலை தொடங்கியது. இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். அந்த வீடுகளுக்கு அருகில் ஓடுவது காலாங் ஆறு. கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடும் இதுவே சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு.

வெள்ளம் சீக்கிரம் வடிய வேண்டும் என்பதற்காக முன்பு இந்த ஆற்றை நேராக்கி, சிமெண்டுக் கால்வாயாகக் கட்டியிருந்தார்கள். ஒரு புல்லுக்குக்கூட அங்கே இடமில்லை. ஆனால் பிறகு அந்நாட்டினர் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். 2006-ல் நீர்நிலைகளை அழகும் உயிரும் உள்ளவையாக ஆக்கும் திட்டம் ஒன்றைப் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கியது. அதன்படி, பீஷான் – ஆங் மோ கியோ பூங்காவின் ஓரமாகச் சென்ற 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்தார்கள். அதன் இடத்தில், வளைந்து நெளிந்து செல்லும் சுமார் 3 கிலோமீட்டர் ஆற்றை உண்டாக்கினார்கள். 2012 மார்ச்சில் புதிய பூங்கா திறக்கப்பட்டது.

கரைக்குச் சிமெண்டு இல்லையென்றால் மண்ணை எது பிடித்து நிறுத்துகிறது? செடிகள்தாம்! இதை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. 2009-ல் பூங்காவிலுள்ள ஒரு சிறு வடிகாலின் கரையில் பத்து முறைகளைச் சோதித்துப் பார்த்து, அவற்றில் ஏழைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முறை நமக்கும் எளிதாகப் புரியும். உயிருள்ள கொம்புகளை வெட்டி, விறகுக் கட்டைப் போலக் கட்டுகிறார்கள். சரிவின் குறுக்கே ஆழமில்லாத பள்ளம் வெட்டி, அந்தக் கட்டை அதில் கிடத்தி மண் போடுகிறார்கள். கொம்புகள் வேர்விட்டுத் துளிர்க்கின்றன. நாளாக ஆக வேர்கள் பின்னிக்கொண்டு மண்ணை வலைபோல் பிடித்துக்கொள்கின்றன.

கரைச்செடி மூன்று வேலை செய்கிறது. அதன் இலை, மழைத்துளி மண்ணை நேராகத் தாக்காமல் தடுக்கிறது. அதன் தண்டு, ஓடிவரும் நீரின் வேகத்தைக் குறைத்து, வண்டலையும் குப்பையையும் தடுத்து நிறுத்துகிறது. அதன் வேர், மண்ணைக் கட்டிப்போடுகிறது. மேலே வெட்டினால் வேர் பிழைக்கும், மீண்டும் துளிர்க்கும். மருந்தடித்தால் வேரும் மடிந்து மக்கும். பிறகு கரையைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாட்டியின் கேள்விக்கு இதுதான் பதில். நாம் சுத்தம் செய்யவில்லை. கரையின் எலும்பைப் பிடுங்கிவிட்டோம்.

ஆங் மோ கியோவில் வெள்ளத்துக்கு இடம் குறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பெருமழையில் ஆறு அகன்று பரவப் புல்வெளியை விட்டிருப்பதால், பழைய கால்வாயைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிக நீரை அது தாங்குகிறது. நீர் ஏறும்போது மக்களை எச்சரிக்க விளக்கும் ஒலியும் வைத்திருக்கிறார்கள். 2014-ல் நீர்நாய்களும் அங்கே வந்து சேர்ந்தன. அந்தக் கரைச்செடிகளை யாரும் நினைத்தபடி வெட்ட முடியாது. பூங்காக்களிலுள்ள செடிகளையும் மரங்களையும் காக்க அந்நாட்டில் 2005-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது.

நம் மலேசியாவிலும் ஆற்றோரத்தைக் காக்க விதி உண்டு. ஆற்றின் இரு பக்கமும் எவ்வளவு நிலத்தைச் சும்மா விட வேண்டும் என்று நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் வழிகாட்டி கூறுகிறது. 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு 5 மீட்டர். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர். ஆகவே கரையோரத்தில் கோழிக்கூண்டோ கொட்டகையோ போடும் முன்பு, தோட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"அப்படியானால் பாம்புக்கும் கொசுவுக்கும் என்ன செய்வது?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டைச் சுற்றியும் நடைபாதையின் இரு பக்கமும் புல்லை ஒட்ட வெட்டுங்கள். அங்கே குப்பையும் விறகும் குவியாமல் பாருங்கள். எலி சேரும் இடத்துக்குப் பாம்பும் வரும். கரைச்சரிவில் மட்டும் புல்லை முழங்கால் உயரத்துக்கு விடுங்கள். பெரும்பாலான கொசுக்கள் வேகமாக ஓடுகிற நீரில் முட்டையிடுவதில்லை. டிங்கிக் காய்ச்சல் பரப்பும் கொசு தகரத்திலும் டயரிலும் பூத்தொட்டித் தட்டிலும் தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. ஆகவே முதலில் கவிழ்க்க வேண்டியவை அவைதாம்.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கரைச்சரிவில் களை மருந்து அடிக்கலாகாது. செடியை வேரோடு பிடுங்கலாகாது. உயர்ந்துவிட்டால் மேலே மட்டும், மழைக்காலத்துக்கு வெகு முன்பே வெட்டுங்கள். ஒரே நாளில் கரை முழுவதையும் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுங்கள். வெட்டியதை ஓடையில் தள்ளாதீர்கள். அது மதகை அடைத்துக்கொள்ளும். மண் தெரிகிற இடத்தில் வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு நேராக இறங்கும். ஓடையோரத்தில் இயல்பாக வளர்ந்து, கொம்பை ஊன்றினால் வேர்விடும் செடிகளையும் நடலாம். நீர் பெருகியிருக்கும்போது பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பவே வேண்டாம்.

ஊர் திரும்பியதும், நிர்வாகத்தின் அனுமதியோடு நாங்கள் அந்தக் கரையில் வெட்டிவேரும் கொம்புக் கட்டுகளும் வைத்தோம். முன்பு வெட்டியதை வாரிய அதே மாணவர்களின் தம்பி தங்கைகள்தாம் நட்டார்கள். முதல் மழையில் ஓரிடம் மறுபடியும் சரிந்தது, திரும்ப நட்டோம். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. பிள்ளைகளின் பாதை நிற்கிறது. பாட்டியும் வேலியைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டு, புதிய வாழைக்கன்று வைத்திருக்கிறார்.

அடுத்த தீபாவளிக்குத் துப்புரவு செய்யும்போது, கத்தியோடு ஓடைப்பக்கம் போகும் முன் இந்தச் செய்தியை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.