அனந்தசரஸ் குளமும் நம் சம்ப்பும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

ஐப்பசியில் சம்ப்பைக் காலி செய்து கழுவிவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். நான் காமர்ஸ் படித்தவன், பேங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்குத் தெரிந்தது பற்று வரவு. இதுவும் அந்தக் கணக்குதான்.

2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதரைச் சேவிக்க நம்மில் பலர் மணிக்கணக்கில் வரிசையில் நின்றோம். அதற்கு முன் அவர் வெளியே வந்தது 1979-ல். இடையில் நாற்பது ஆண்டுகள் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீருக்குள்தான் இருந்தார். "மரம்னா மிதக்கணுமே தாத்தா, எப்படி அடியிலேயே இருக்கார்?" என்று நம் பிள்ளைகள் அப்போது கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் அதை மேலே தள்ளும். 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் சொன்னது. பொருளின் எடை ஒரு பக்கம், தண்ணீரின் தள்ளல் மறுபக்கம். எடை கூடினால் மூழ்கும், தள்ளல் கூடினால் மிதக்கும். நகைக்கடன் கவுண்டரில் நான் தினம் பார்த்த 8 கிராம் பவுன் அரை மில்லி தண்ணீரைக்கூட விலக்காது, அதனால் மூழ்குகிறது. காய்ந்த அத்திக்கட்டை நூறு கிலோ இருந்தாலும், நூறு லிட்டருக்கு மேல் இடத்தை அடைப்பதால் மிதக்கிறது.

ஆனால் மரத்தின் நார் மட்டும் என்றால் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மிதக்க வைப்பது அதற்குள் இருக்கும் காற்றுதான். பல காலம் ஊறி, காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் எந்த மரமும் அடியில் தங்கும். அதுவரை பாரம் ஏற்றி வைக்க வேண்டும்.

இப்போது சம்ப்புக்கு வருகிறேன். காலி சம்ப் என்பது காற்று அடைத்த பெட்டி. வெளியளவு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நிலத்தடி நீர் மேல்வரை ஏறிவிட்டால் அது விலக்கும் தண்ணீர் 24 டன். சுவர், தரை, மூடி எல்லாம் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் என்றால் மொத்த எடை சுமார் 17 டன். 7 டன் மேல்நோக்கிய தள்ளல் பாக்கி! சுற்றியுள்ள மண் கொஞ்சம் பிடிக்கும்தான், ஆனால் சேறான மண்ணை எவ்வளவு நம்புவது? சம்ப் மேலே எழும்பலாம், தரை வெடிக்கலாம், பைப் முறியலாம். தண்ணீர் நிறைய இருந்தால் அதுவே பாரம். பாதிக்கு மேல் நிறைந்திருந்தாலே மேற்சொன்ன கணக்கு நேராகிவிடும்.

கார் விஷயமும் இதுதான். 900 கிலோ சின்னக் காருக்கு அடிப்பரப்பு ஐந்து சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடித்தட்டைத் தொட்ட பிறகு ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீருக்கும் 50 கிலோவுக்கு மேல் தள்ளல். தரையிலிருந்து 35 சென்டிமீட்டர், அதாவது முழங்காலுக்கும் கீழே தண்ணீர் ஏறினால் போதும், சக்கரம் தரையை விட்டுவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் கார்கள் மிதந்ததை டிவியில் பார்த்தோமே. "பெரிய வண்டி, ஒன்றும் ஆகாது" என்று யாரும் பார்க்கிங்கில் இறங்கி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

ஆகவே கழுவும் வேலையைச் சித்திரை, வைகாசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் கிணற்று மட்டத்தைப் பார்த்துவிட்டு. மழைக்காலத்தில் அவசரம் வந்தால், பக்கத்தில் ஒரு குழி தோண்டி, அதில் ஊறும் தண்ணீரைப் பம்ப்பில் இறைத்த பிறகே சம்ப்பைக் காலி செய்ய வேண்டும். அதைக்கூட இன்ஜினியரைக் கேட்டுத்தான். நம் சம்ப்பின் சரியான அளவு பில்டர் கொடுத்த பிளானில் இருக்கும். செயலாளர் அதை எடுத்துக் கொடுத்தால், கணக்கைப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன்.